நல்லமிளகு எட்டு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைக் கண்காணிக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறையில் நான் வேலை பார்க்கிறேன். ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்தாடி என்பார்கள். மேலே ஏறிப் பழுது பார்க்கிறவர்கள் எழுதித் தரும் குறிப்புகளைப் படித்து, எதை நிறுத்துவது, எதை ஓடவிடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் எழுதிய தாளை நான் வாங்க மாட்டேன். எங்கே, எப்போது, எத்தனை நாளாக, எவ்வளவு: இந்த நான்கும் வேண்டும். எண் எழுதி அலகு எழுதாமல் விட்டாலும் தாள் திரும்பிப் போகும்.

“அக்காட்ட அலகு போடாம தாளு குடுத்துராத மக்கா, திருப்பி மேல ஏத்தி விட்டுருவாவ” என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ஒருநாள் காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட நான் என் உடம்பைப் பற்றி ஐந்து வாரம் பொய்க் குறிப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு, மாமிக்கு, ஒரு டாக்டருக்கு. அதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

என் மகள் பிறந்தது சுகப்பிரசவம். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் சொன்னேன். தையல் போட்டதும் அந்தச் சுகத்துக்குள்ளேயே அடக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் அன்று நர்ஸ் சொல்லச் சொல்ல, பிள்ளைக்கு வேண்டியதை எழுதிக்கொண்டேன். தடுப்பூசி, தொப்புளைத் துடைக்கும் விதம், பால் கொடுக்கும் இடைவெளி, கண் மஞ்சளாகிறதா என்று பார்ப்பது. பதினொரு வரி வந்தது. பிறகு நர்ஸ் என் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

“ஆறு வாரம் கழிஞ்சா எல்லாம் செய்யலாம், கேட்டியா?”

“எல்லாம்னா? இவ கெணத்துல தண்ணி கோரலாமா சிஸ்டர்?” என்றார் அம்மா.

“கோரலாம் அம்மா.”

நர்ஸ் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தோம். பன்னிரண்டாவது வரியாக ‘6 வாரம், எல்லாம்’ என்று எழுதினேன். என் உடம்புக்கென்று அந்தத் தாளில் இருந்தது அந்த ஒரே வரி. அதில் எங்கே, எவ்வளவு என்று எதுவும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

மூன்று மாதம் அம்மா வீட்டில் பச்சிலை போட்ட வேது தண்ணீர்க் குளியலும் நல்லமிளகு இடித்த பேறுகால மருந்துமாகக் கழிந்தது. பிறகு பிள்ளையோடு திங்கள்சந்தைப் பக்கம் இருக்கும் கணவர் வீட்டுக்குக் கொண்டு விட்டார்கள். அங்கே அவருடைய அம்மா, என் மாமி, மட்டும்தான். கணவர் கத்தாரில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார். பிள்ளைக்கு நாலரை மாதம் ஆனபோது ஐம்பது நாள் விடுப்பில் வந்தார். திரும்பிப் போனால் அடுத்த விடுப்பு ஒன்றரை வருடம் கழித்துத்தான்.

அவர் வந்த மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன் மக்களே. நீ போயி கொஞ்சம் கெடந்துக்கோ.”

பெரிய மனதோடு சொன்ன சொல். மகனும் மருமகளும் பிரிந்திருந்த நாட்களை எண்ணிப் பார்த்துச் சொன்னது. பிள்ளையை எடுத்துக்கொண்டு பின்கட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கே போய்விடுவார். நானும் ஆசையோடுதான் உள்ளே போனேன். அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அவர் வேண்டியிருந்தது.

தையல் போட்ட இடத்தில் கண்ணாடிச் சில்லை வைத்து இழுத்ததுபோல் இருந்தது. ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். அவர் “என்னா?” என்று கேட்டதற்கு “ஒண்ணுமில்ல” என்று சிரித்தேன். பிரசவம் கழிந்து முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு விதி செய்துகொண்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, அவர் கை பட்டதுமே உடம்பு தானாக இறுகிப் பூட்டிக்கொண்டது. அன்றும் சிரித்தேன்.

எனக்கு எதையும் எழுதி வைத்தால்தான் பதற்றம் அடங்கும். ஆனால் என் கைபேசி வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குவது. மாமி அதில்தான் பிள்ளைக்குத் தாலாட்டு போடுவார். அதனால் குறிப்பெழுதும் செயலியில் ‘சாமான்’ என்று தலைப்பு போட்டு மளிகைப் பட்டியல்போல் எழுதினேன். எரிச்சலுக்கு உப்பு. குத்துகிற வலிக்கு நல்லமிளகு. வறட்சிக்குச் சுக்கு. உடம்பு இறுகிக்கொள்வதற்குப் புளி. பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பட்டியல். தேதியைச் செயலியே போட்டுக்கொள்ளும். எழுதி முடித்ததும் ஏதோ வேலை ஒழுங்காக நடந்துவிட்டதுபோல் இருக்கும். உண்மையில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குறிப்பை வாங்கிப் படிக்க யாருமில்லை.

அந்த வாரமே டாக்டரிடமும் போனேன். பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக். மாமியும் வந்தார். சீட்டு போடும் பெண், பெஞ்சில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி “என்ன செய்யுது?” என்று கேட்டாள்.

“எரியுது.”

“மூத்திரம் போவும்போதா?”

மாமி என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சில் ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

“ஆமா” என்றேன்.

அந்த ஒரு ‘ஆமா’தான் நான் கொடுத்த பொய் அளவு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதன்படி சரியாகத்தான் நடந்தது. சிறுநீரைச் சோதித்தார்கள். தொற்று இல்லை என்று வந்தது. உள்ளே டாக்டர் “வேற ஏதாவது உண்டா?” என்று கேட்கத்தான் செய்தார். மாமி பக்கத்து நாற்காலியில் இருந்தார். “இல்ல” என்றேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து மறுபடி போனேன், இந்தத் தடவை தனியாக. அதே கேள்வி, அதே ‘ஆமா’. ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமி அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். “சூட்டு ஒடம்பாக்கும்” என்று காலையில் இளநீர், பதினோரு மணிக்கு மோர், நாலு மணிக்கு ஒரு தட்டு நிறைய வெள்ளரிக்காய். தோல் சீவி, விதை எடுத்து, உப்புத் தூவி, நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் வாயில் ஊட்டியும் விடுவார். மென்று விழுங்குவேன். இல்லாத நோய்க்கு இத்தனை அன்பு. ஒவ்வொரு துண்டுக்கும் தலை குனிந்தேன்.

கணவரிடம் சொல்லச் சாக்குகள் வைத்திருந்தேன். தலைவலி. பிள்ளை முழித்துவிடும். முதுகு பிடிப்பு. வீட்டுக்குத் தூரம். கடைசிச் சாக்கை ஒரே மாதத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். “போன வாரந்தான?” என்றார். பால் கொடுக்கும்போது மாறி மாறி வரும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். படித்தவள் என்பதால் நம்பினார்.

முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது.

“நான் கிட்ட வந்தா மட்டும் காத்தாடி நின்னுருது, பாத்தியா. காத்து எங்க போச்சி எஞ்சினியரே?”

“சீசன் இல்ல” என்றேன் நானும் சிரித்துக்கொண்டு.

பிறகு கேலியும் நின்றது. மதியம் மாமி பிள்ளையைத் தூக்கியதும் அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகவும் வெட்கப்பட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போகவில்லை. மறுக்க என்னிடம் சாக்கு மிச்சமில்லை. அதற்குள் ஆறு பட்டியல்கள் சேர்ந்திருந்தன. அன்றைக்கு எழுதியது ஏழாவது: நல்லமிளகு 8, உப்பு 6, சுக்கு 9, புளி 7.

மறுநாள் காலை புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கம்பெனிக்கு விளிச்சிருந்தேன். பத்து நாளு முன்ன வந்தா எடுத்துக்கிடுவியளான்னு கேட்டிருக்கேன். வியாழக்கெழம சொல்லுவாவ.”

மாமி கையிலிருந்த கரண்டி நின்றது. “ஏம்ல? பிள்ளைக்கிச் சோறு குடுக்கது அடுத்த மாசம் மொதலுலதான. அதக்கூட பாக்காண்டாமா?”

“இஞ்ச இருந்து என்ன செய்ய?”

மாமி என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் வாயைத் துடைத்தேன். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

எனக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அவரை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார். ஒன்றரை வருடம் அதையே நினைத்துக்கொண்டு அங்கே கிடப்பார். அதைத் திருத்த எனக்கு வியாழக்கிழமை வரை ஒரு நாள் இருக்கிறது. சொல்ல வேண்டிய வாக்கியம் மூன்று சொற்கள்தான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். குழாய்ச் சத்தத்திலும் மூன்றாவது சொல் வரவில்லை.

நான் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவரைக் காணோம். போவதற்கு முன் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று சந்தைக்குப் போயிருப்பதாக மாமி சொன்னார்.

“என்ன வேணும்னு எங்கிட்ட கேக்கல. ஒன் போனுல லிஸ்டு இருக்கு, பாத்து எழுதிக்கிட்டேன்னான்.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் பைக் வந்து நின்றது. இரண்டு பை. அடுக்களைத் திண்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உப்பு, ஆறு பாக்கெட். புளி, ஏழு உருண்டை. சுக்கு, ஒரு பெரிய பொட்டலம். கடைசியாக, இரண்டு கையாலும் ஏந்தி, நல்லமிளகு.

“நல்லமிளகு எட்டுன்னு போட்டிருக்கு. எட்டு என்னது? கிலோவா, கிராமா? அலகு போடாம எண்ணு எழுதினா தாள திருப்பி அனுப்புவேன்னு ஊரெல்லாம் பீத்துவியே. எண்ணூறு கிராமுன்னு வாங்கியிருக்கேன்.”

மாமி பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார். “எண்ணூறா? எதுக்குல? இன்னொருத்தி இந்த வீட்டுல பெத்துக் கெடக்காளா, மருந்து இடிக்க?”

“கடைக்காரரும் அதத்தான் கேட்டாரு. வீட்டுல பிரசவமான்னு. அஞ்சு மாசம் முன்ன ஆச்சின்னேன். அப்பம் இவ்வளவு தாமசமான்னு கேக்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. மாமியும் சிரித்தார். அவரும் பல நாளுக்குப் பிறகு சிரித்தார். பிறகு என் சிரிப்பு மட்டும் தடம் மாறிவிட்டது. உப்புப் பாக்கெட்டுகளின் மேல் கையை ஊன்றி அழுதேன்.

மாமி பிள்ளையை எடுத்தார். “பிள்ளைய நான்...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டு வெளியே போனார்.

“இது சாமான் இல்ல” என்றேன்.

“பின்ன?”

கைபேசியைத் திறந்து அவரிடமே கொடுத்தேன். உப்பு என்றால் இன்னது, புளி என்றால் இன்னது என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. சுக்குப் பொட்டலத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் கீழே தள்ளித் தள்ளி ஏழு பட்டியலையும் படித்தார். தேதிகளில் விரல் நின்று நின்று போனது.

“இந்த வெள்ளிக்கெழம, மழ பெய்ஞ்ச அன்னைக்கா?”

“ஆமா.”

“அன்னைக்கு நீ சிரிச்சியே.”

“சிரிச்சேன்.”

“ஏழுன்னு எழுதியிருக்க.”

அவர் கைபேசியை உப்புக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எதிர்பார்த்தது ஆறுதல். வந்தது கோபம்.

“என்ன நீ மிருகம்னா நெனச்ச? வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னா நான் விட்டிருக்க மாட்டேனா? என்ன இப்பிடி ஆக்கி வச்சிருக்கியே.”

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் மறைத்தது என் வலியை மட்டும் இல்லை. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அவருக்கே தெரியாமல் மறைத்திருக்கிறேன். இத்தனை நாள் என் வெட்கம் என்னைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தார். “பெட்ரோல் போடப் போனேன்” என்றார். இரண்டு மணி நேரம். கை கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: “நானும் ‘என்னா’ன்னு ஒரு தடவதான் கேட்டேன். நீ சிரிச்சதும் விட்டுட்டேன். ரெண்டாவது கேக்கல.” பிறகு, “நல்ல ஆஸ்பத்திரியா பாத்து நாளைக்கிப் போவோம். கம்பெனிக்காரன் விளிச்சா ஆண்டாம்னு சொல்லிருவேன்.”

அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். உப்பு, புளி எதுவும் இல்லாமல். வலி எங்கே: தையல் போட்ட இடத்தில், உள்ளே நுழையும் இடத்தில். எப்போது: உடலுறவின்போது, பிறகு ஒரு மணி நேரம் வரை. சிறுநீர் கழிக்கும்போது இல்லை. எத்தனை நாளாக: பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையிலிருந்து, ஐந்து வாரம். எவ்வளவு: பத்துக்கு எட்டு. ‘உடலுறவு’ என்று எழுதும்போது, பரீட்சையில் பக்கத்து மேசைக்காரி பார்த்துவிடுவாளோ என்பதுபோல் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். அறையில் யாருமில்லை.

மறுநாள் போனது கொஞ்சம் தள்ளி இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கேயும் சீட்டு போடும் இடத்தில் “என்ன செய்யுது?” என்றுதான் கேட்டார்கள். நான் தாளை நீட்டினேன். அந்தப் பெண் படித்தாள், மடித்தாள், சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டாக்டர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார்.

“யாரு எழுதுனது?”

“நான்தான் டாக்டர்.”

“வாயால சொல்ல வரலியோ?”

“வரல.”

“யாருக்கும் வராது. ‘வயிறு வலி’ம்பாங்க, ‘கீழ ஒரு மாதிரி’ம்பாங்க. நாந்தான் தோண்டி எடுக்கணும். நீ பாதி வேலைய முடிச்சிட்ட.”

பரிசோதித்துவிட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தையல் ஆறியிருக்கிறது, ஆனால் தழும்பு கெட்டியாக இருக்கிறது. பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைவதால் அந்த இடம் வறண்டு போவது சாதாரணம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. வலிக்கும் என்ற பயத்தில் தசை தானாக இறுகுகிறது, இறுகுவதால் இன்னும் வலிக்கிறது. களிம்பு உண்டு, வழுவழுப்புக்கு ஜெல் உண்டு, தழும்பைத் தடவி இளக்கும் முறை உண்டு, தசையைத் தளர்த்தப் பயிற்சி சொல்லித்தர ஆள் உண்டு. சரியாகக்கூடியதுதான், சில மாதம் ஆகலாம். அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டு எதுவும் செய்யக் கூடாது.

“கேட்டீங்களா?” என்று கணவரைப் பார்த்தார்.

“கேட்டேன் டாக்டர்.” பள்ளிப் பிள்ளைபோல் எழுந்து நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி வெள்ளரிக்காய்த் தட்டோடு வந்தார். அதை மட்டும் இனி விழுங்க முடியாது என்று தோன்றியது. “மாமி, எனக்கு மூத்திரத்துல ஒண்ணுமில்ல. நான் பொய் சொன்னேன். தையலு போட்ட எடந்தான் வலிக்கி. மத்த நேரம் இல்ல. மத்தியானம்.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

“பின்ன எதுக்குட்டி நான் தெனம் வெதையெடுத்து வெதையெடுத்து நறுக்குனேன்?” என்று ஆரம்பித்தவர், ‘மத்தியானம்’ என்ற சொல் போய்ச் சேர்ந்ததும் நிறுத்தினார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்துத் தானே கடித்தார்.

“பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு நாந்தான ஒன்ன உள்ள அனுப்புனேன்” என்றார். மறுநாளிலிருந்து மதியம் பிள்ளையைத் தூக்கும்போது ஒன்றும் சொல்லாமல் தூக்கினார்.

மிச்ச நாட்களில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அவர் பைக் சாவியை எடுக்கவில்லை என்பதுதான் மாற்றம். மதியம் இரண்டு பேரும் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்போம். பிள்ளைக்குச் சோறு கொடுத்த அன்று அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். முதலில் சொன்ன தேதியில்தான் கிளம்பினார்.

எண்ணூறு கிராம் நல்லமிளகு இன்னும் தீரவில்லை. ரசத்தில் போட்டும், அம்மா வீட்டுக்குக் கொடுத்தும், பக்கத்து வீட்டுக்கு அளந்து கொடுத்தும் ஒரு டப்பா மிச்சம் இருக்கிறது. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். வாரம் ஒருமுறை பயிற்சிக்குப் போகிறேன். களிம்பும் தழும்புத் தடவலும் தினமும் உண்டு; தடவும்போது எவ்வளவு வலி என்று பத்துக்கு ஓர் எண்ணும் குறித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அவர் பிள்ளையோடு பேசி முடித்ததும் கேட்பார்.

“நல்லமிளகு எவ்வளவு?”

போன ஞாயிறும் கேட்டார்.

“மூணு” என்றேன்.

“மூணு என்னது? அலகு போடு எஞ்சினியரே.”

“வலி” என்றேன். சொல்லிவிட்டு, அடுக்களையில் இருக்கும் மாமிக்குக் கேட்டிருக்குமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.